தம்பிக்கு ஏர் ஹாரன் வாங்கித் தர மாட்டேன்

ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு என்று போனில் சொன்ன அடுத்த நிமிஷமே லிஸ்ட் வர ஆரம்பித்துவிடும். உங்களுக்கும் தெரிந்த கதைதான். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், அத்தைக்குப் பாதாம் பருப்பு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்பவோ ஒரு தடவை கொண்டுபோன அதே வைட்டமின் டப்பா. இந்தத் தடவை என் தம்பி கேட்டதுதான் புதுசு.

"அண்ணே, அங்க ரயில் ஹாரன் கெடைக்குமாம்ல, ஒரு செட் தூக்கிட்டு வாயேன்."

"ரயிலுக்கா?"

"வெளாடாத. ஸ்கார்ப்பியோவுக்கு."

கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தான். ஒரு பெரிய பிக்கப் வண்டிக்கு அடியில் நாலு குழல், ஒரு டேங்க், ஒரு குட்டி கம்ப்ரஸர். ஒருத்தன் பட்டனை அமுக்குகிறான், பார்க்கிங்கில் நடந்து போகிற பெண் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னணியில் சிரிப்பு. இந்த ஹூஸ்டனில் அப்படி வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே ஒன்று இருக்கிறது. ஜூலை நாலாம் தேதி வந்தால் அவனுக்கு வெடியே தேவையில்லை.

மாட்டேன் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ மச்சானோ இப்படி இருக்கலாம்.

எங்களுக்கு ஊர் இரண்டு. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். எனக்கும் தம்பிக்கும் மும்பை சீத்தா கேம்ப். தெரியாதவர்களுக்காக: டிராம்பேயில், ஒரு பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம், இன்னொரு பக்கம் கழிமுகமும் அலையாத்திக் காடும், நடுவில் நாங்கள். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் இருந்தது ஜனதா காலனியில். அணு மையத்துக்கு அந்த இடம் வேண்டும் என்று எமர்ஜென்ஸி நேரத்தில், 1976 மே மாதம், சுமார் 70,000 பேரைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் அந்தக் காலனியில்தான் வளர்ந்து தலைவரானார். குப்பை அள்ள வராத மாநகராட்சிக்குப் பாடம் சொல்ல, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து நகராட்சி ஆபீஸ் வாசலில் கொட்டவைத்தவர். பிறகு மக்சேசே விருது, பத்மஸ்ரீ எல்லாம் வந்தது. 2018-ல் காலமானார். இடம்பெயர்ந்த கதையை அப்பா சொல்லும்போது லாரிச் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார். அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

சரி, ஹாரனுக்கு வருவோம்.

சாதாரணக் கார் ஹாரன் மின்சாரத்தில் அதிர்கிற ஒரு தகடு, அவ்வளவுதான். ஏர் ஹாரனில் அந்தத் தகட்டை அழுத்தக் காற்று அடித்து அதிரவைக்கிறது. அந்த அதிர்வை வாய் அகன்ற குழல் ஊர் பூராவும் கொண்டுபோய்ச் சேர்க்கும். குழல் நீளமானால் கட்டைக் குரல், குட்டையானால் கீச்சுக் குரல். நாலு குழலை வேறு வேறு நீளத்தில் வைத்தால் ரயில் மாதிரி ஒரு கூட்டுக் குரல்.

பஸ், லாரிக்கு இது சுலபம். அதில் பிரேக்குக்கே காற்று டேங்க் இருக்கிறது. நம்ம ஊர் மெக்கானிக் அதில் ஒரு டீ போட்டு ட்யூப் இழுத்துவிடுவான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் பிடிக்க வைத்திருக்கிற காற்றைத்தான் ஹாரனில் ஊதித் தள்ளுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் தானாக மூடிக்கொள்கிற வால்வ் இடையில் இல்லையென்றால், ஹாரன் லைனில் ஓட்டை விழுந்த அன்று பிரேக்கும் மோசம்.

ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டியில் பிரேக் ஆயில் பிரேக். காற்றே கிடையாது. அதனால் 12 வோல்ட் கம்ப்ரஸர், டேங்க், அழுத்தம் ஏறினதும் மோட்டாரை நிறுத்துகிற ஸ்விட்ச், பட்டன் அமுக்கினால் திறக்கிற சோலனாய்ட் வால்வ் என்று முழு செட்டே வாங்க வேண்டும். மோட்டார் இருபது முப்பது ஆம்பியர் இழுக்கும். ரிலே, ஃப்யூஸ் போடாமல் பழைய ஹாரன் வயரிலேயே மாட்டினால் வயர் உருகும். டேங்குக்கு அடியில் தண்ணீர் சேரும், அதை அப்பப்ப திறந்துவிட வேண்டும். மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் சொன்னால் தம்பி, "அதெல்லாம் நம்ம பையன் பாத்துப்பான்" என்கிறான். அந்தப் பையனுக்கு வயசு பத்தொன்பது.

டப்பாவின் மேல் 150 டெசிபல் என்று போட்டிருக்கிறது. பாதிக்கு மேல் புளுகுதான். அமெரிக்காவில் நிஜ ரயில் என்ஜினுக்கே, 100 அடி தள்ளி நின்று அளந்தால் 96-லிருந்து 110 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் 100 அடி என்பது சும்மா இல்லை. திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். 110-ஐ எடுத்துக்கொண்டு 50 அடி, 25 அடி, பன்னிரண்டு அடி என்று வாருங்கள், 128 ஆகிவிடும். காதில் வலியே வருகிற அளவு அது. சீத்தா கேம்ப்பில் எந்தச் சந்தில் 100 அடி தள்ளி நிற்பீர்கள்? பன்னிரண்டு அடி கிடைத்தாலே பெரிய விஷயம். அதோடு இரண்டு பக்கமும் சுவர், தகரம். சத்தம் எங்கேயும் போகாது, அங்கேயே சுற்றும்.

தம்பியின் முதல் வாதம்: "அமெரிக்காவுலயே வச்சிருக்கான்ல?"

வச்சிருக்கிறான்தான், ஆனால் சட்டப்படி இல்லை. இந்த டெக்சாஸ் சட்டத்தில் ஹாரன் 200 அடி வரைக்கும் கேட்க வேண்டும், ஆனால் அளவுக்கு மீறிய, கரகரத்த சத்தமாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. நம்ம ஊர்ச் சட்டம் இன்னும் தெளிவு. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி: ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல சுரம் ஊதுகிற ஹாரன் கூடாது, கடூரமாகவோ கீச்சென்றோ பயமுறுத்துகிற மாதிரியோ சத்தம் எழுப்புகிற எந்தக் கருவியும் கூடாது. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. சத்த அளவை மீறிய வண்டி என்று கேஸ் போட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். மஞ்சள் போர்டு வைத்து ட்ராவல்ஸ் ஓட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கு மூன்று மாதம் என்றால் என்ன என்று தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"யாருண்ணே பிடிக்கிறா?" என்றான். அதுவும் நியாயமான கேள்விதான்.

மும்பை போலீஸ் முயற்சி பண்ணாமல் இல்லை. 2008 ஏப்ரல் 7-ம் தேதி ஒருநாள் முழுக்க ஹாரன் அடிக்காதீர்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். சத்தத்துக்கு எதிராக ரொம்ப வருஷமாகப் போராடும் சுமைரா அப்துல்அலியின் ஆவாஸ் ஃபவுண்டேஷனும் அதில் கூட நின்றது. 2015 ஏப்ரல் கடைசியில் மகாராஷ்டிர அரசு லாரிகளின் முதுகில் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதவே தடை போட்டது. 2020 ஜனவரி கடைசியில் வந்த அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிக்னலில் டெசிபல் மீட்டரை மாட்டி, சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அதிகம் ஹாரன் அடி, அதிகம் காத்திரு. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் வீடியோ ஓடின அளவுக்கு மீட்டர் ஓடவில்லை. இதற்கு நடுவில் மத்திய அமைச்சர் கட்கரி, ஹாரனில் புல்லாங்குழல், தபேலா சத்தம் வந்தால் நன்றாக இருக்கும் என்று 2021-ல் சொன்னார். மான்கூர்ட் நாக்காவில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்நூறு தபேலாவை நினைத்துப் பாருங்கள் :-)

தம்பியின் இரண்டாவது வாதம்தான் என்னைக் கொஞ்சம் நிறுத்திவிட்டது.

"அண்ணே, நீ அங்க உக்காந்துட்டுப் பேசுவ. இங்க டாக்ஸிக்காரன்னா எவனும் வழி விட மாட்டான். பெரிய வண்டிக்காரன் ஏறிக்கிட்டு வருவான். செம்பூர்ல நம்ம அட்ரஸச் சொன்னா மூஞ்சியே மாறும். சத்தமா ஊதுனாத்தான் திரும்பியே பாக்குறான்."

இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்கு மனு எழுதும்போது சீத்தா கேம்ப் என்று போடாமல் டிராம்பே என்று மட்டும் போட்டவன் நான். சத்தம் போடாமல் எங்கள் ஆட்களுக்கு ஒரு குழாய்கூட வந்தது கிடையாது. ஆனால் அப்போது போட்ட சத்தம் ஆபீஸ் வாசலில். இந்த ஹாரன் ஊதப்போவது எங்கே? ஃப்ரீவேயில் போகிற ஏசி கார்க்காரன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பாதிதான் கேட்கும். முழுசாக வாங்குகிறவர்கள் மீன் கூடைக்கார அக்கா, ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுகிற பாய், தொட்டிலில் கிடக்கிற குழந்தை. அப்புறம் எங்கள் அப்பா.

அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வருகிறேன்.

அப்பா 31 வருஷம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகட்டை வைத்தால் மேலேயிருந்து இறங்கி வெட்டுகிற பெரிய மெஷின்கள். காதுக்குப் பாதுகாப்பு என்றால் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சு, அதுவும் அம்மா கொடுத்துவிட்டது. நான் இங்கே வேலை பார்க்கிற ஆலையில், எட்டு மணி நேரத்துக்கு சராசரி 85 டெசிபலைத் தொட்டாலே காதடைப்பான் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கும் திறனைச் சோதித்தாக வேண்டும் என்று சட்டம். முதல் வருஷம் அந்தச் சின்ன அறையில் ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்தபோது எனக்கு அப்பாவின் பஞ்சுதான் ஞாபகம் வந்தது. 85-க்கு எட்டு மணி நேரம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது என்பது இங்கே ஆராய்ச்சிக்காரர்கள் போட்டிருக்கிற கணக்கு. 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான் தாங்கும். அப்பா எத்தனை பதினைந்து நிமிஷங்கள் நின்றிருப்பார் என்று நான் கணக்குப் போடவில்லை.

இந்த மாதிரிச் சத்தத்தால் போகிற காதில் முதலில் போவது உச்சஸ்தாயி. சோதனைப் படத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் மாதிரி விழும். அதனால் என்ன ஆகும் என்றால், 'ஆ' 'ஓ' எல்லாம் கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. சட்டை, பட்டை, கட்டை மூன்றும் அப்பாவுக்கு ஒன்றுதான். "சட்டை எங்க?" என்று கேட்டால் அஞ்சறைப் பெட்டியைத் தேடுவார். நாங்கள் சின்ன வயசில் இதற்குச் சிரித்திருக்கிறோம். கத்திச் சொன்னாலும் பிரயோஜனம் கிடையாது. கத்தும்போது 'அட்டை'தான் பெரிசாகிறது, 'ச'வும் 'ப'வும் அதே இடத்தில்தான் இருக்கும்.

தம்பியின் மூன்றாவது வாதம் இதை வைத்துத்தான். "அப்பா மாதிரி ஆளுங்க நடுரோட்டுல நடக்குறாங்க, சாதா ஹாரன் கேக்க மாட்டேங்குது. அவங்களுக்காகவாவது பெருசு வேணாமா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காது நரம்பு கெட்டவர்களுக்கு ஒரு வினோதம் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காது. கொஞ்சம் கூட்டினாலும் கேட்காது. இன்னும் கூட்டினால் திடீரென்று நமக்குக் கேட்கிற அளவுக்கே, இல்லை அதைவிட மோசமாக, இடி மாதிரி விழும். கேட்காததுக்கும் வலிக்கிறதுக்கும் நடுவில் இருக்கிற இடம் அவர்களுக்குச் சுருங்கிப் போய்விடுகிறது. "ஏன் கத்துற, எனக்கென்ன செவிடா?" என்று பெரியவர்கள் கோபப்படுவது இதனால்தான்.

போன தடவை நான் போயிருந்தபோது நடந்தது. அப்பாவும் நானும் பால் வாங்கிவிட்டு வருகிறோம். பின்னால் ஒரு தண்ணி டேங்கர். அவன் இரண்டு தடவை சாதா ஹாரன் அடித்திருக்கிறான், அப்பா திரும்பவில்லை. நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் ஏர் ஹாரனை ஊதிவிட்டான். அப்பா ஒதுங்கவில்லை. அப்படியே துள்ளி, வண்டி இருக்கிற பக்கமாகவே திரும்பி, கால் இடறி, சாக்கடை மூடிக் கல்லின் மேல் விழுந்தார். பம்பருக்கும் அவருக்கும் இரண்டடி இருக்கும். பால் பாக்கெட் உடைந்து ரோடெல்லாம் பால். டிரைவர் குதித்து ஓடிவந்தான், பார்த்தால் நம்ம நாங்குநேரிப் பக்கத்துப் பையன். "ஐயா, மன்னிச்சிருங்க ஐயா" என்று சோடா வாங்கிக் கொடுத்தான். மணிக்கட்டில் கட்டு மூன்று வாரம். அந்த இரண்டு ராத்திரியும் காதுக்குள் கிர்ர்ரென்று இருக்கிறது என்று அப்பா தூங்கவே இல்லை. வலிக்கிறதா என்று நான் கேட்டதும் அவருக்குக் கேட்கவில்லை.

அன்றைக்குத் தம்பி கோவா டிரிப்பில் இருந்தான். அவனுக்கு இது ஒரு செய்திதான்.

எந்த ஹாரனுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பாட்கி மலைப்பாதையில் வளைவில் ஹாரன் அடிக்காமல் போனால் முட்டாள்தனம். அதற்குக் கம்பெனி கொடுத்த ஹாரனே போதும். சின்ன வயசில் திருநெல்வேலி லீவுக்குப் போகும்போது தனியார் பஸ்களின் பாட்டு ஹாரனை ரசித்து, எந்த பஸ் என்று சத்தத்தை வைத்தே சொல்லிப் பந்தயம் கட்டினவன்தான் நானும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

ஆனால் அந்த செட்டில் ஒரு பாதி நல்ல பாதி. கம்ப்ரஸர். இந்த ஊரில் மணலிலும் மலையிலும் ஓட்டுகிறவர்கள் டயர் காற்றை இறக்கி, திரும்ப ரோட்டுக்கு வரும்போது தாங்களே ஏற்றிக்கொள்ள இதை வண்டியிலேயே பொருத்திக்கொள்வார்கள். தம்பிக்கு மணல் இல்லை. ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை ஏழு பேரையும் தலைக்கு மேல் கேரியரில் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு ஓட்டுகிறான். பாரம் ஏற்றி, காற்றுக் குறைந்த டயரில் கான்கிரீட் ரோட்டில் விரட்டினால் டயரின் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், கடைசியில் வெடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு தாவணகெரே பக்கம் மெதுவாகக் காற்று இறங்கினால் எந்தக் கடை திறந்திருக்கும்? ட்யூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் குச்சி, ஒரு நல்ல மீட்டர், பேட்டரியில் மாட்டுகிற கம்ப்ரஸர் மூன்றும் இருந்தால் சில நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். அதை வாங்கிவிட்டேன். டேங்க் வேண்டாம், குழலும் வேண்டாம்.

மிச்சப் பணத்துக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். பாந்த்ரா ரிக்ளமேஷனில் அலி யாவர் ஜங் பெயரில் பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித் திட்டத்தில் காது மெஷினும் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மும்பையில் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கடையில் சும்மா சத்தத்தைக் கூட்டுகிற மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு, "போட மாட்டேங்கிறார்" என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன காரணத்தால் அது வலிக்கத்தான் செய்யும். எந்த ஸ்தாயியில் எவ்வளவு போயிருக்கிறது என்று சோதித்து, அதற்குத் தகுந்த மாதிரி அமைத்துக் கொடுக்க வேண்டும்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிண்ணே, காத்து மட்டும் கொண்டு வா. ஹாரன் நான் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல வாங்கிக்கிறேன்" என்றான். எதிர்பார்த்ததுதான்.

"வாங்கிக்கோ. மாட்டுறதுக்கு முன்னாடி அப்பாவ பாந்த்ராவுக்கு நீதான் கூட்டிட்டுப் போற. சோதனை ரூமுக்குள்ள நீயும் ஒரு தடவை ஹெட்ஃபோன் போட்டு உக்காரணும்."

"எனக்கு எதுக்கு?"

"பதினாலு வருஷமா ஜன்னலத் தொறந்து வச்சு வண்டி ஓட்டுறல்ல."

அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. வர்ற மாசம் 14-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் 15-ம் தேதி காலையில் போகலாம் என்று மட்டும் சொன்னான். கம்ப்ரஸர் ஐந்து கிலோ இருக்கிறது. அம்மாவின் தைலத்தையும் பாதாம் பருப்பையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் போல.